நாளை என்ற சொல்லைத் தவிர

அந்த வாரத்தில் சகாயராணியிடம் சண்டைக்கு வந்த மூன்றாவது ஆள் சிவப்பிரகாசம். கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டை ஒட்டியிருக்கும் பெட்ரோல் பங்க்கில் அவள் காலை ஷிப்டில் நின்றுகொண்டிருந்தாள். மொபெட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர் டேங்க் மூடியைத் திறக்கவில்லை. வண்டிக்கு ஸ்டாண்டு போட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, ஏனம்மா ஆளை இப்படி அலையவிடுகிறாய் என்று கேட்டார். பாகூர் ஏரிப் பாசனத்தில் அவருக்கு இரண்டு காணி நெல். கதிர் முற்றித் தலை சாய்த்துவிட்டது. அறுக்கிற மிஷின் வரும் வரும் என்று இவள் சொன்னதை நம்பி அவர் தினமும் விடிந்ததும் வரப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

தான் எப்போது சொன்னோம் என்று சகாயராணிக்குப் புரியவில்லை.

"நீதாமா சொன்ன. முந்தாநாளும் சொன்ன, நேத்தும் சொன்ன. நாளிக்கு வரும்னு."

இதற்கு முன்னால் வந்த இரண்டு பேரும் இதையேதான் கேட்டார்கள். முதல் ஆள் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்தாள். இரண்டாவது ஆளுக்குக் கண் சரியில்லை, வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று விட்டுவிட்டாள். சிவப்பிரகாசம் குடிக்கிறவர் இல்லை, கண்ணும் நன்றாகத் தெரியும். அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பம்ப்புப் பக்கத்தில் போன் கூடாது என்று அவரைக் காற்றடிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே நின்று ஒரு நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

"வணக்கம். மணவாளன் அறுவடை சேவைக்கு உங்களை வரவேற்கிறோம். உங்கள் நிலத்திற்கு இயந்திரம் நாளை வரும். நன்றி."

சகாயராணியின் குரல்தான். சந்தேகமே இல்லை. இந்தக் குரலுக்குச் சளி பிடித்ததில்லை, யாரையும் திட்டிய பழக்கமில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வில்லியனூரில் ஒரு மாடிக் கட்டடத்தில் பேச்சுக் களஞ்சியம் என்று ஒரு சின்ன மையம் நடக்கிறது. ஊர்ப்பக்கத்துப் பேச்சைப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் சேர்த்து வைப்பதுதான் அவர்கள் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதன் பொறுப்பாளர் எழிலரசன் நல்ல குரல் தேடிக்கொண்டு இவர்கள் பங்குக் கோயிலுக்கு வந்தார். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசித்த சகாயராணியைப் பிடித்துக்கொண்டார். சுவரெல்லாம் மெத்தை அடித்த ஒரு அறையில் அவளை உட்காரவைத்து, தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் வாக்கியம் வாக்கியமாக வாசிக்கச் சொன்னார்கள். அதை வைத்து, எதை எழுதிக் கொடுத்தாலும் அவள் குரலிலேயே பேசுகிற ஒரு சேவையைச் செய்து இணையத்தில் போட்டார்கள். பள்ளிக்கூடம், சங்கம், கோயில், பொது அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இலவசம் என்று சொன்னபோது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவளுக்கும் ஒரு லாகின் கொடுத்தார்கள். கிருமாம்பாக்கம் என்பதைக் கம்ப்யூட்டர் நடுவில் உடைத்து உடைத்துச் சொன்னபோது, அந்த லாகினில் போய்ச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

ஆனால் அந்தக் குரல் மணவாளனிடம் எப்படிப் போனது என்று தெரியவில்லை. மணவாளன் சேற்றிலும் இறங்குகிற பெல்ட் வைத்த அறுவடை மிஷின் இரண்டு வைத்திருப்பவர். தை, மாசியில் பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் முழுக்க அவர் கையைத்தான் பார்த்து நிற்கும்.

முதல் இரண்டு நாள் அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அவள் வீட்டுக்காரன் பாக்யராஜ் அந்த நம்பரைப் போட்டுக் கேட்டுவிட்டு, போனில் எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாய், வீட்டிலும் அப்படிப் பேசினால் என்ன என்று கேட்டான். அவளும் சிரித்தாள். ராமாயி முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

ராமாயி அதே தெரு. அரைக் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தாள். மிஷினுக்கு முதலில் போன் போட்டுச் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. தினமும் அந்தக் குரலைக் கேட்டு, நம்ம சகாயராணி பொய் சொல்ல மாட்டாள் என்று காத்திருந்தாள். மிஷின் அவளைத் தாண்டிக் கரியமாணிக்கத்தில் ஒரு பெரிய பண்ணைக்குப் போனது. அதற்கிடையில் காலம் தவறி ஒரு மழை அடித்து, அவள் நெல்லில் ஒரு மூலை படுத்துவிட்டது. குழாயடியில் சகாயராணி குடத்தை வைத்ததும் ராமாயி தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 

மணவாளன் டீசல் பிடிக்க வந்தபோது சகாயராணி கேட்டே விட்டாள். அவர் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளே இல்லை அவர். தன் மகள் விஜயகுமாரி காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறாள், அவள்தான் ஏதோ ப்ராஜெக்ட் என்று செய்து கொடுத்தாள் என்றார். அது கம்ப்யூட்டர் குரல்தானே, இது சகாயராணி குரல் என்று அதில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சரி சார், குரல் யாருடையதோ இருக்கட்டும், எல்லோருக்கும் நாளை நாளை என்று ஏன் சொல்ல வேண்டும் என்றாள்.

"தேதி சொன்னா சண்டைக்கு வருவாங்கம்மா. நாளிக்குன்னு சொன்னா நிம்மதியா தூங்குவாங்க. ஒரு மனுசன நிம்மதியா தூங்க வெக்கறது இன்னா சாதாரண விசயமா?"

கேன்களை வேனில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார்.

வியாழக்கிழமை சகாயராணிக்கு வார விடுமுறை. காலையிலேயே பஸ் ஏறி வில்லியனூர் போனாள். எழிலரசன் எதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற மனுஷர். மன்னிக்கணும் என்று சொல்லிக் கம்ப்யூட்டரைத் திறந்து, யார் யார் அவள் குரலைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார். விஜயகுமாரி என்ற மாணவியின் கணக்கு மேலேயே இருந்தது. ஒரு பெண் பிள்ளை பாடம் படிப்பதற்காக இத்தனை தடவை அதைப் பயன்படுத்த முடியாது என்பது பார்த்த உடனே தெரிந்தது.

அவர் விளக்கினார். உள்ளே வருகிறவர்களுக்கு வகை வகையாக அனுமதி உண்டு. மாணவர் என்று வந்தால் படிப்புக்கு மட்டும் இலவசம். பொதுக் காரியம் என்று வந்தாலும் இலவசம். வியாபாரம் என்றால் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்குக் குரல் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். மகளின் மாணவர் கணக்கில் அப்பா வியாபாரம் நடத்துகிறார். அது தப்பு, கணக்கை மூடிவிடலாம்.

சகாயராணி யோசித்தாள். மூடிவிட்டால் அறுப்பு நேரத்தில் அந்த போன் லைனும் இருக்காது. ராமாயியும் சிவப்பிரகாசமும் மணவாளன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். மூட வேண்டாம், உண்மையைச் சொல்ல வைக்க வழி உண்டா என்று கேட்டாள். எழிலரசன் மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். அதைத் தான் தனியாக முடிவு செய்ய முடியாது, மையத்துக் கமிட்டிக்கு மெயில் போட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த நாளைக்கு என்ற சொல் அவள் காதிலேயே இருந்தது. ஜன்னலோர சீட் கிடைத்தது. போனை எடுத்துத் தன் லாகினில் நுழைந்தாள். சொல் திருத்தம் என்ற பக்கத்தைத் திறந்தாள். அதில் இரண்டு கட்டம். இடது கட்டத்தில் ஒரு சொல்லை எழுதினால், அது எங்கே வந்தாலும் வலது கட்டத்தில் இருக்கிறபடி குரல் சொல்லும். ஊர்ப்பெயர்களைத் திருத்திய அதே இடம்தான். இடது பக்கம் நாளை என்று எழுதினாள். வலது பக்கம் கொஞ்சம் யோசித்து எழுதினாள். சேமி என்பதை அழுத்திவிட்டு, மணவாளன் நம்பரைப் போட்டுக் காதில் வைத்தாள்.

"உங்கள் நிலத்திற்கு இயந்திரம் நாளைக்குன்னு மணவாளன் சொல்றாரு, எனக்கு நம்பிக்கை இல்ல, வரும். நன்றி."

பக்கத்து சீட்டுப் பெண் என்ன ஏது என்று கேட்கும் அளவுக்குச் சிரித்தாள். ஊர் வந்து இறங்கியதும் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பாக்யராஜிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பங்க்குக்கு எதிரில் இருந்த டீக்கடையில் ஒரே கூட்டம். சிவப்பிரகாசம் நடுவில் நின்று போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டிருந்தார். நிலம் இல்லாதவர்கள்கூட நம்பர் வாங்கிப் போட்டுக் கேட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார்கள். மணவாளன் மகளைக் கூப்பிட்டுக் கேட்க, அந்தப் பெண் தான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தாள். இயந்திரம் நாளை வரும் என்றுதான் இருந்தது. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மத்தியானம் சிவப்பிரகாசம் பங்க்குக்கு வந்து டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டார். போகும்போது, இப்பதாம்மா நீ உண்மை பேசுற என்றார். சகாயராணி மீதிச் சில்லறையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கோயிலில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் திருப்பலிக்கான அறிவிப்பு ஒலிபெருக்கியில் தானாகவே வரும்படி செய்திருந்தார்கள். அதுவும் இந்தச் சேவைதான், அவள் குரல்தான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நினைவில் இல்லை.

"அன்பார்ந்த பங்கு மக்களே. நாளைக்குன்னு மணவாளன் சொல்றாரு, எனக்கு நம்பிக்கை இல்ல, காலை திருப்பலி நடைபெறும்."

நம்பிக்கை இல்லை என்பது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. பங்குச் சாமியார் தன் அறையிலிருந்து வெளியே வந்து ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். பிறகு சகாயராணியைப் பார்த்தார். அவள் வாய் திறக்கவில்லை, அவள் குரல் மட்டும் இரண்டாம் தடவையாக அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பூக்கூடையை வைத்துவிட்டு ஓரமாகப் போய் போனை எடுத்தபோது எழிலரசனே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இந்த முறை அவர் மன்னிப்பில் தொடங்கவில்லை. வில்லியனூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நேற்று, இன்று, நாளை என்று இந்தக் குரலை வைத்துப் பாடம் போட்டிருக்கிறார்கள். நேற்று என்றது குரல், பிள்ளைகள் நேற்று என்றார்கள். இன்று என்றது, இன்று என்றார்கள். அதற்கப்புறம் வந்ததையும் ஒரு எழுத்து விடாமல் வகுப்பே ராகம் போட்டுச் சொல்லியிருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் எனக்கு நம்பிக்கை இல்லை என்கிறார்களாம். டீச்சர் புகார் எழுதியிருக்கிறார்.

அதுவரை அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். அடுத்தது வீராம்பட்டினம் என்றார். அங்கே மீனவர்களுக்குக் காற்று, மழை பற்றிய எச்சரிக்கையும் அவள் குரலில்தான் போனில் போகிறது. காற்று பலமாக இருக்கும், நாளை கடலுக்குப் போகாதீர்கள் என்று அன்று மத்தியானம் செய்தி. அதிலும் மணவாளன் வந்துவிட்டார், நம்பிக்கையில்லாமையும் வந்துவிட்டது. யார் அந்த மணவாளன், வானிலைக்குப் புதிதாக வந்த ஆபீசரா என்று கேட்டுக் கேட்டு மையத்துக்கு ஒரே போன். எவனாவது அந்தக் குரலே நம்பவில்லையே என்று வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தால் என்ன ஆகும்?

சகாயராணி உடனே போனை ஸ்பீக்கரில் போட்டாள். லைனை வைக்காமலே சொல் திருத்தப் பக்கத்தைத் திறந்து, தான் எழுதியதை அழித்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பான இடத்தில் அழுத்தினாள். அழிந்ததும், சரியான செய்தியைத் திரும்ப அனுப்பச் சொன்னாள். நாளை என்பதை எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றி முன்னமே அனுப்பியாகிவிட்டது என்றார் எழிலரசன். யாரும் கடலுக்குப் போகவில்லை, மேகத்தைப் பார்த்தே அவர்கள் படகை மேலே இழுத்துப் போட்டுவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை மையத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார் எழிலரசன். மணவாளன் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கூடவே விஜயகுமாரி, தலையை நிமிர்த்தாமல். பங்க்கில் லீவு சொல்லிவிட்டு சகாயராணி வந்திருந்தாள்.

அவள் முதலில் தன் தப்பைச் சொன்னாள். தான் திருத்தினால் மணவாளனுக்கு மட்டும் மாறும் என்று நினைத்ததாகச் சொன்னாள். உண்மையில் அப்படிக்கூட நினைக்கவில்லை, நினைக்காமலே செய்துவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டாள். எழிலரசன் தங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, யாரும் பார்க்காமல் ஒரு திருத்தம் எல்லோருக்கும் போகும்படி வைத்தது தாங்கள்தான் என்றார். இனிமேல் அவள் எழுதுகிற திருத்தத்தை மையத்தில் ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அது குரலுக்குப் போகும். அவள் சரி என்றாள்.

மணவாளன் கடல் வரைக்கும் தன் பெயர் கெட்டுவிட்டது என்று ஆரம்பித்தார். ஆனால் குரலில் சூடு இல்லை. கொஞ்ச நேரத்தில் காரணம் தெரிந்தது. இரண்டு நாளாக எங்கெங்கிருந்தோ அவருக்கு போன் வருகிறது. விளையாட்டாகக் கேட்கக் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர், சரி, மிஷின் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அவருக்கு அந்தக் குரல் வேண்டும். வேறு குரல் வைத்தால் கூப்பிடுகிறவர்கள் நம்பர் மாறிவிட்டது என்று வைத்துவிடுவார்கள். லைசென்ஸ் எடுத்துக்கொள்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

அப்போதுதான் விஜயகுமாரி வாயைத் திறந்தாள். யார் முதலில் சொன்னார்களோ அந்த வரிசையைக் குரல் படிக்க வேண்டும் என்றுதான் தான் முதலில் செய்ததாகவும், பெரிய இடத்திலிருந்து ஆள் வரும்போதெல்லாம் அப்பா வரிசையை மாற்றச் சொன்னதாகவும், மாற்றி மாற்றி அலுத்துப்போய்க் கடைசியில் எல்லோருக்கும் நாளை என்று போட்டுவிட்டதாகவும் சொன்னாள். மணவாளன் மகளைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

எழிலரசன் சகாயராணியிடம் சம்மதமா என்று கேட்டார்.

"எல்லா வார்த்தையும் எடுத்துக்கட்டும் சார். நாளைன்றத மட்டும் நான் குடுக்கல."

அப்படி ஒரு லைசென்ஸை எழிலரசன் கேள்விப்பட்டதில்லை. மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு விதிகளைப் படித்தார். குரல் கொடுத்தவர் நிபந்தனை போடலாம் என்று இருந்தது, எது மாதிரி நிபந்தனை என்று இல்லை. அந்த ஒரு கணக்கில் அந்த ஒரு சொல் வந்தால் குரல் பேசாமல் நிற்கும்படி செய்ய முடியும் என்றார். மணவாளனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் எத்தனை ஆயிரம் வார்த்தை இருக்கிறது, ஒன்று போனால் போகட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே, நாளை என்ற இடத்தில் விரைவில் என்று போட்டுப் பார்த்தார். விரைவில் என்றால் எப்போது என்று கேட்டு அத்தனை பேரும் அவரையே நேராகக் கூப்பிட்டார்கள். சோற்றில் கை வைக்க விடவில்லை. அதற்கடுத்து, மறுநாள் வரும் என்று போட்டார். எந்த நாளுக்கு மறுநாள் என்று சிவப்பிரகாசம் வீட்டுக்கே போய்க் கேட்டார். விடிந்ததும் வரும் என்று போட்டதற்கு, விடிகிற நேரத்தில் அவர் வாசலில் ஒரு சிறு கூட்டமே நின்றது. வாசல் தெளிக்க வந்த அவர் மனைவி, வாளியோடு திரும்பிப் போய் அவரை எழுப்பினாள். அன்றைக்கு அவர் மகளிடம், நீ முதலில் எழுதியதையே போட்டுத் தொலை என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து குரல் பெயரையும் கிழமையையும் சொல்லத் தொடங்கியது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை சிவப்பிரகாசம், புதன்கிழமை ராமாயி, அதற்குப் பிறகு இன்னார் என்று. யார் கூப்பிட்டாலும் முழு வரிசையும் கேட்கும். இடையில் யார் நுழைந்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும். மணவாளனுக்கு அது கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் பெரிய இடத்து ஆட்கள் வந்தபோது, என் கையில் ஒன்றும் இல்லை, லைசென்ஸ் அப்படி என்று சொல்லிக் கைகழுவ அது வசதியாகவும் இருந்தது. அந்த வசதி பிடித்துப்போய், கேட்காதவர்களிடமும் லைசென்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அந்தப் புதன்கிழமை சகாயராணிக்கு மத்தியான ஷிப்ட். காலையில் ராமாயியின் நிலத்துக்குப் போனாள். மிஷின் வந்து இறங்கியிருந்தது. புல்லட்டில் வந்த ஒருவர், முதலில் தன் வயலுக்கு வண்டியைத் திருப்பச் சொல்லி டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆத்தூர்ப் பக்கத்து டிரைவர், போன்ல இந்தம்மா பேரத்தான் சொல்லிருக்குதுங்க என்று வண்டியை வயலுக்குள் இறக்கிவிட்டான். படுத்திருந்த மூலையில் பாதிக் கதிர் மிஷினுக்குச் சிக்கவில்லை. மற்றது தப்பித்தது.

ராமாயி வரப்பை ஒட்டித் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தாள். காற்று ஒரு முனையைத் தூக்கித் தூக்கி அடித்தது. சகாயராணி கொஞ்சம் தள்ளியே நின்றாள், கிட்டப் போகலாமா வேண்டாமா என்று தெரியாமல். ராமாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"சும்மா நின்னுக்கினு இன்னாடி வேடிக்க பாக்கற. அந்த முனைய புடி."

சகாயராணி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி முனையைப் பிடித்தாள். மிஷின் பக்கத்தில் வந்து நின்று குழாயைத் திருப்பியது. நெல் கொட்டத் தொடங்கியதும் தூசு கிளம்பி இரண்டு பேருடைய முகத்தையும் மறைத்தது. இருவரும் முகத்தைத் திருப்பி இருமிக்கொண்டே, பாயை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.